17 மணி நேரப் பயணத்தில் 75 நிமிடப் பூங்கா

ஊட்டியில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் எவை என்று தேடினால் நூறு பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். 46 பள்ளிப் பிள்ளைகளை ஒரே பேருந்தில் ஏற்றிக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குப் போனால் மலையடிவாரக் கல்லாறு சோதனைச்சாவடியில் என்ன ஆகும், மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும், மதியம் இரண்டு மணிக்கு 24 பெண் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் பாத்ரூம் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதவில்லை. நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் நான் எழுதிவிடுகிறேன். அடுத்து கிளம்புகிற டீச்சருக்காவது உதவட்டும்.

ஈரோடு மாவட்டம் கோபிப் பக்கம் ஒரு சின்ன உதவி பெறும் நடுநிலைப்பள்ளியில் நான் அறிவியல் எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பும் சேர்த்தால் 46 பேர். முக்கால்வாசிப் பிள்ளைகள் மலையைத் தூரத்தில் பார்த்தவர்கள்தான், ஏறினவர்கள் இல்லை. தாவர வகைப்பாடு பாடம் நடத்தும்போது "பெரணின்னா எப்படி டீச்சர் இருக்கும்" என்று கேட்டார்கள், நான் கரும்பலகையில் வரைந்ததைப் பார்த்து ஒருத்தன் மீன் முள் மாதிரி இருக்கிறது என்றான், அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், ஊட்டிக்குக் கூட்டிப் போவது என்று. தாளாளரிடம் பேசி, தலைமையாசிரியர் வழியாக அனுமதி வாங்கி, பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கி, தலைக்கு 700 ரூபாய் வசூல் செய்தேன். மொத்தம் 32,200. அதில் பேருந்துக்கே 24,000 போய்விட்டது. மீதியில் காலை டிபன், நுழைவுச் சீட்டு, சாயங்காலம் டீ பன். மதியத்துக்குச் சில அம்மாக்கள் சேர்ந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து தருவதாக ஒத்துக்கொண்டார்கள். கணக்கு அழகாக உட்கார்ந்தது, எனக்கே பெருமையாக இருந்தது.

என்னுடைய பெரிய ஏற்பாடு என்ன தெரியுமா? ஒரு பயிற்சித்தாள். மூன்று ராத்திரி உட்கார்ந்து தயாரித்தேன். 30 தாவரங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், குடும்பம், இலை வடிவம், படம் வரைய ஒரு கட்டம். ஒரு பிள்ளைக்கு நான்கு பக்கம். ஜெராக்ஸ் மட்டும் 184 தாள். செடி கொடியைப் பற்றி அத்தனை யோசித்த நான் பேருந்து, வயிறு, பாத்ரூம், தலை எண்ணுவது இதைப் பற்றியெல்லாம் ஒரு அரைத் தாள்கூட எழுதவில்லை. அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் வேர் இதுதான் என்று இப்போது தெரிகிறது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. விடிகாலை 4.40க்கு என்னோடு வரவேண்டிய டீச்சர் போன் செய்தார், குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல், வர முடியாது என்று. அவர்மேல் தப்பே இல்லை. தலைமையாசிரியருக்கு முழங்கால் வலி, அவர் ஆரம்பத்திலேயே வரவில்லை என்று சொல்லிவிட்டார். ஆக, 46 பிள்ளைகளுக்கு நானும் பள்ளி ஆயாம்மாவும். ஆயாம்மாவும் மலை ஏறினதில்லை. அந்த நிமிடமே பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் பள்ளி வாசலில் புதுச் சொக்காயும் இரவல் சுவெட்டருமாக 46 பேர் நிற்கும்போது "இன்னிக்கு இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கும் வராது. அதனால்தான் சொல்கிறேன், வருகிறேன் என்ற பெரியவர்களைத் தவிர இன்னும் இரண்டு பேரைக் கூடுதலாகச் சொல்லி வையுங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் இல்லாமல் மலைக்குப் போகக்கூடாது. பெற்றோர்களையே கூப்பிடலாம், சந்தோஷமாக வருவார்கள். எனக்குத்தான் "அம்மா வந்தால் பிள்ளை சொன்ன பேச்சு கேட்காது" என்று ஒரு நினைப்பு.

பேருந்து 5.30க்கு எடுத்தார்கள். சத்தி, புளியம்பட்டி வழியாகப் போய் 7.45க்கு மேட்டுப்பாளையம். ஒரு நல்ல ஓட்டலாகப் பார்த்து இறக்கினேன். பொங்கல் சூடாக இருந்தது, நெய் மணந்தது, மலை ஏறினால் பசிக்குமே என்று எல்லாருக்கும் பொங்கல், ஆளுக்கொரு வடை. டிரைவர் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையின் அர்த்தம் மலை ஏறும்போதுதான் புரிந்தது.

கல்லாறு சோதனைச்சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். நீலகிரிக்குப் போகிற வண்டிகளுக்கு 2024 மே 7லிருந்து இ-பாஸ் கட்டாயம், அது எனக்குத் தெரியும், ஒரு வாரம் முன்பே எடுத்து அச்சடித்து வைத்திருந்தேன். ஆனால் அது வேறு வண்டியின் நம்பர். முந்தின நாள் சாயங்காலம் பேருந்துக்காரர் "அந்த வண்டி கிளட்ச் சரியில்லைங்க, வேற வண்டி அனுப்பறேன், இதைவிட நல்ல வண்டி" என்று போன் செய்திருந்தார். நானும் சரிங்க என்று வைத்துவிட்டேன். இ-பாஸ் வண்டி நம்பருக்குத்தான் செல்லும், நம் முகத்துக்கு இல்லை என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. அங்கேயே நின்று போனில் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. சிக்னல் வரும் போகும். கடைசியில் சாவடிக்குப் பக்கத்தில் கரும்புச்சாறு விற்ற தம்பி தன் போனிலிருந்து இணையம் கொடுத்து உதவினான். பாஸ் எடுப்பது பெரிய வேலை இல்லை, பத்து நிமிட வேலைதான், ஆனால் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தால்தான் பத்து நிமிடம். பேருந்துக்காரரிடம் வண்டி நம்பரை எழுத்தில் வாங்குங்கள், கிளம்புகிற அன்று காலையில் நம்பர் பலகையைக் கண்ணால் பார்த்து பாஸோடு ஒப்பிட்டுவிட்டு ஏறுங்கள். இன்னொன்று, 2025இல் உயர்நீதிமன்றம் கோடை சீசனுக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வெளியூர் வண்டிகள்தான் என்று எல்லை போட்டது. அதனால் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பள்ளிப் பயணத்தை நினைக்கவே வேண்டாம்.

பாஸ் வந்ததும் உள்ளே ஏறிப் பார்த்தார்கள். நான் 48 அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்கி அடுக்கி வைத்திருந்தேன், 576 ரூபாய். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, இந்தப் பாட்டிலும் அதில் சேர்த்தி. கேரி பேக்கும் அப்படித்தான். எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, சுற்றுச்சூழல் மன்றத்தை நடத்துகிற அறிவியல் டீச்சரே பிளாஸ்டிக் பாட்டிலோடு போய் நின்றால் அது யார் தப்பு? வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டிலிருந்து ஒரு சில்வர் பாட்டில், பேருந்தில் 20 லிட்டர் கேன் இரண்டு, இவ்வளவுதான் தேவை. நாங்கள் குன்னூர் வரை ஆளுக்கொரு வாய் தண்ணீருக்குத் தவித்தோம். இந்தக் கூத்தெல்லாம் முடிந்து கல்லாற்றை விட்டுக் கிளம்பும்போது மணி 10.10. என் திட்டப்படி 10.30க்குப் பூங்காவுக்குள் இருந்திருக்க வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் பிள்ளைகள் சலித்துப் போகக்கூடாதே என்று பூங்கா உருவான கதையைச் சொன்னேன். ஊட்டியில் குடியிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கறிகாய் மலிவாகக் கிடைக்கவில்லை, அதற்காகப் பணம் போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள், அப்புறம் 1848இல் மெக்ஐவர் என்பவர் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பழகிய கையோடு வந்து அதைத் தாவரவியல் பூங்காவாக மாற்றினார் என்று. "அப்ப முதல்ல முட்டைக்கோசுதானுங்களா டீச்சர்" என்று சிரித்தார்கள். அந்த உற்சாகத்தில் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். பயிற்சித்தாளைப் பேருந்திலேயே விநியோகித்து, "போய்ச் சேரதுக்குள்ள படிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறோம். கல்லாறு தாண்டினதும் 14 கொண்டை ஊசி வளைவுகள். உடம்பு வளைவில் சாய்கிறது என்று காது சொல்லும், கண் அசையாத தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டும் ஒத்துப் போகாதபோது மூளை குழம்பிக் குமட்டுகிறது. இதை எட்டாம் வகுப்புக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நெய்ப் பொங்கல் வயிற்றோடு 46 பேர் தலையைக் குனிந்து பயிற்சித்தாள் படித்துக்கொண்டே வளைவு ஏறினார்கள். மூன்றாவது வளைவில் முதல் ஆள் ஆயாம்மா. அவரைப் பார்த்து அடுத்த சீட்டு, அதைப் பார்த்து அதற்கடுத்த சீட்டு. ஐந்தாவது வளைவுக்குள் 19 பேர். கேரி பேக்கை எல்லாம் கல்லாற்றில் கொடுத்தாகிவிட்டது, பிடிக்க ஒன்றுமில்லை. கடைசியில் எதில் பிடித்தோம் என்று சொல்ல வேண்டுமா? நான்கு பக்கம், 30 தாவரம், மூன்று ராத்திரி உழைப்பு. அதற்காவது உதவியது.

டிரைவர் அண்ணன்தான் அன்றைக்குத் தெய்வம். அகலமான இடமாகப் பார்த்து மூன்று இடத்தில் நிறுத்தினார், தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நறுக்கி மோந்து பார்க்கக் கொடுத்தார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "பள்ளிக்கூட டிரிப்னா நாங்க பழைய பெயிண்ட் டப்பா ஆறு வாங்கி, அடியில மரத்தூள் போட்டு, நாலு சீட்டுக்கு ஒண்ணா வச்சிருவோம் டீச்சர். இன்னிக்கு வண்டி மாறுனதுல அது அந்த வண்டியிலயே போயிருச்சு." மரத்தூள் ஈரத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும், மூடியைப் போட்டு மூடிவிடலாம். இதைவிட உபயோகமான ஒரு வரி இந்தக் கட்டுரையில் இல்லை. காலை டிபன் இரண்டு இட்லி போதும், எண்ணெய் நெய் கூடாது, சாப்பிட்டு முக்கால் மணி நேரமாவது கழித்து மலை ஏறுங்கள். வழக்கமாக வாந்தி எடுக்கிற பிள்ளை யார் என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு அவர்களை முன்பக்கம் உட்கார வையுங்கள், தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், பாட்டுப் பாடச் சொல்லுங்கள், தாளும் போனும் கையில் வேண்டாம். மாத்திரை கொடுப்பதென்றால் பெற்றோர் தங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தனுப்பியதை மட்டும், அதுவும் அவர்கள் எழுதிக் கொடுத்தபடி. டீச்சர் கையால் பொதுவாக ஒரு மாத்திரை எல்லாருக்கும் என்ற வேலை ஆபத்து.

குன்னூர் தாண்டும்போது மணி பன்னிரண்டு. ஊட்டி ஒன்று ஐந்து. பூங்கா வாசலில் எங்களை இறக்கிவிட்டுப் பேருந்தை வெகுதூரம் தள்ளி நிறுத்தப் போய்விட்டார்கள். சீட்டு எடுத்து, 46 பேரை வரிசையாக உள்ளே விட்டு, பெருமூச்சு விடும்போதுதான் ஞாபகம் வந்தது, எலுமிச்சைச் சாதம் பேருந்தில் இருக்கிறது. டிரைவர் அண்ணன் போன் எடுக்கவில்லை, பாவம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார். அவரும் கிளீனரும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரும்போது 3.10. காலையில் தின்றதையும் மலைக்குக் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் அதுவரை பிஸ்கெட்டில் ஓட்டினார்கள். இறங்கும்போதே அவரவர் சாப்பாட்டு டப்பா அவரவர் கையில் இருக்க வேண்டும். அண்டா, வாளி, கரண்டி என்று கல்யாணச் சமையல் போலக் கொண்டு போகாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் கேட்ட முதல் கேள்வி, "பூ எங்கேங்க டீச்சர்?" படத்தில் பார்க்கிற ஊட்டி மே மாத ஊட்டி. மலர்க்கண்காட்சிக்காக அப்போதுதான் தொட்டி தொட்டியாகப் பூ அடுக்கியிருப்பார்கள். ஜனவரியில் பாத்திகளில் பாதி வெறும் மண், நாற்று இப்போதுதான் தயாராகிறது. பெரிய புல்வெளியில் கயிறு கட்டி, பராமரிப்பு, உள்ளே வராதீர்கள் என்று பலகை. ஓடிப் பிடித்து விளையாடலாம் என்று நான் வாக்குக் கொடுத்திருந்த இடம் அதுதான். மிச்சமிருந்த பயிற்சித்தாளை எடுத்து மரங்களைத் தேடினால், மாட்டியிருந்த பலகைகளில் என் பிள்ளைகளால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாத லத்தீன் பெயர்கள். 30இல் நான்கைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், ஒரு நிமிடம்தான், பிள்ளைகள் பார்க்காதபடி கண்ணாடியைத் துடைப்பது போல.

அன்றைக்குக் கிடைத்த நல்ல விஷயம் நான் திட்டமிடாதது. சில செடிகளின் மேல் காய்ந்த மிலாறுகளை, அதாவது மெல்லிய குச்சிகளை, கூரை போல மூடி வைத்திருந்தார்கள். செத்துப் போன செடியா என்று பசங்கள் கேட்க, களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா எழுந்து வந்தார். "சாகலை கண்ணு. ராத்திரி உறைபனி விழும், வெள்ளை வெள்ளையா. இலை கருகிப் போகும். அதுக்குத்தான் கோத்தகிரி மிலாறு கொண்டாந்து மூடறது. காலைல வெயில் வந்தா எடுத்திருவோம், இது இன்னும் எடுக்காதது." சொல்லிவிட்டு ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார், உள்ளே பச்சையாக நாற்று. இரவல் சுவெட்டரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புக் குட்டி, "செடிக்கும் சுவெட்டரா" என்றது. அதற்கப்புறம் அரை மணி நேரம் அந்தப் பெரியம்மா பின்னாலேயே சுற்றினார்கள். தைல மரத்தின் உதிர்ந்த இலையைக் கசக்கி மோந்தார்கள், காலையில் இது கிடைத்திருந்தால் வாந்தியே வந்திருக்காது என்று ஒருத்தன் ஆராய்ச்சி முடிவு சொன்னான். பெரணி இல்லத்தில் இலையின் அடியில் பழுப்புப் புள்ளியாக வித்துகள் ஒட்டியிருப்பதைப் பார்த்து, நான் போர்டில் போட்டது மீன் முள்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள். கல்லாகிப் போன மரத்துண்டு ஒன்று இருக்கிறது, 2 கோடி ஆண்டுப் பழமை, அதன் முன்னால் ஒரு பெரிய சண்டையே நடந்தது. "இது கல்லு டீச்சர், மரம்னு சும்மா எழுதி வச்சிருக்காங்க." மண்ணுக்குள் புதைந்த மரத்தில் தண்ணீரோடு வந்த தாதுப்பொருள் செல் செல்லாகப் புகுந்து கல்லாக இறுகிவிடும், உருவம் மரம், பொருள் கல் என்று சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை. 30 செடி வேண்டாம், ஐந்து போதும். ஐந்தையும் மோந்து, நின்று, சண்டை போட்டுப் பார்க்க விடுங்கள். ஜனவரியில் போனால் பூவைப் பற்றி வாக்குக் கொடுக்காதீர்கள், மரத்தைக் காட்டுங்கள். முடிந்தால் முன்பே பூங்கா அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, விளக்கிச் சொல்ல ஒருவரைக் கொடுப்பார்களா என்று விசாரியுங்கள்.

இந்த இடத்தில் எண்ணிப் பார்த்தேன். 45. மறுபடி எண்ணினேன், 45. ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் இல்லை. 55 ஏக்கர், தொட்டபெட்டாச் சரிவில் படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போகிற பூங்கா, உச்சியில் மந்து என்கிற தோடர் பழங்குடிக் குடியிருப்பு, சனிக்கிழமைக் கூட்டம். என் கால் இரண்டும் கழன்று போனது போல இருந்தது. மீதிப் பிள்ளைகளை ஆயாம்மாவோடு கண்ணாடி மாளிகைப் பக்கம் உட்கார வைத்துவிட்டு ஓடினேன். 45 பேரை ஒரு ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடியதும் தப்பு என்று அப்போது தோன்றவில்லை, வேறு வழியும் இல்லை. வாசலில் காவலரிடம் சொன்னேன், "என்ன கலர் டிரஸ்" என்று கேட்டார், நீல சுவெட்டர் என்றேன். அவர் சுற்றிக் கையைக் காட்டினார். அன்றைக்கு வந்திருந்த இன்னும் மூன்று பள்ளியும் நீல சுவெட்டர்தான்.

35 நிமிடம். அவன் அப்பா கூலி வேலை செய்கிறவர், 700 ரூபாயை மூன்று தவணையாகக் கொடுத்தவர், அவர் முகம்தான் கண் முன்னால் நின்றது. கடைசியில் இத்தாலியத் தோட்டத்தில் கண்டுபிடித்தேன். வேறொரு பள்ளியின் வரிசையில், வாலாக, நடந்துகொண்டிருந்தான். நீல சுவெட்டரைப் பார்த்துத் தொடர்ந்து போயிருக்கிறான், கொஞ்ச தூரத்திலேயே இது நம்ம பள்ளி இல்லை என்று தெரிந்திருக்கிறது, ஆனால் அந்த சார் நன்றாகச் சொல்லிக் கொடுத்தாராம், அதனால் இருந்துவிட்டானாம். கையில் பயிற்சித்தாள். பதினொன்று நிரப்பியிருந்தான். குரங்கு ஏறாத மரம் என்று சொல்கிற மங்கி பசில் மரத்துக்குப் படம்கூட வரைந்திருந்தான். அடிக்கக் கை ஓங்கினேன், அப்புறம் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்த சாரிடம் நன்றி சொல்லும்போது அவர், "எங்க பையன்னே நினைச்சேன் டீச்சர்" என்றார். அவர் பிள்ளைகள் எல்லாருடைய வலது கையிலும் மஞ்சள் துணிப் பட்டை கட்டியிருந்தது. அவரே அதைக் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அதனால் என் முறை இப்போது இப்படி. தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்கிற நிறத்தில் தொப்பியோ பட்டையோ, சுவெட்டருக்கு மேலே தெரிகிற மாதிரி. முன்கையில் பேனாவால் என் போன் நம்பர், பிள்ளையின் பெயரையோ பள்ளிப் பெயரையோ வெளியே தெரிகிற மாதிரித் தொங்கவிடுவதில்லை. இரண்டு இரண்டு பேராக ஜோடி, ஜோடியைக் காணோம் என்றால் உடனே கத்த வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், நான் "ஒன்று" என்றால் அவர்களே வரிசையாகச் சொல்லி முடிக்க வேண்டும், நாம் தலையைத் தொட்டு எண்ணுவதைவிட இது பாதி நேரம். யாராவது தனியாகிவிட்டால் தேடிக்கொண்டு நடக்கக்கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், தேடுவது டீச்சர் வேலை. இந்தக் கடைசி விதியை வகுப்பில் நான்கு தடவை நடித்தே காட்டினேன்.

பாத்ரூம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணக் கழிப்பறை, வரிசை, சில்லறை இல்லை, இரண்டு தடவையும் சேர்த்து 480 ரூபாய், 50 நிமிடம். இந்தச் செலவை நான் கணக்கிலேயே எழுதவில்லை. எல்லாரையும் ஒரே நேரத்தில் கூட்டிப் போகாமல் பத்துப் பத்துப் பேராக அனுப்பினால் மீதிப் பேர் எதையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம், அதற்கும் பெரியவர்கள் வேண்டும். அங்கேதான் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் காதில் வந்து அழுதாள், அவளுக்கு முதல் தடவை. என் பையில் பயிற்சித்தாள் இருந்தது, நாப்கின் இல்லை. ஆயாம்மா அவளைச் சேலை முந்தானையில் சுற்றி நிறுத்திக்கொள்ள, நான் வெளியே கடைக்கு ஓடி நாப்கினும் ஒரு கம்பளிப் பேன்ட்டும் வாங்கி வந்தேன், 540 ரூபாய். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளோடு போகிறவர்கள் பையில் முதலில் வைக்க வேண்டியது இது. மாற்றுத் துணி, பழைய செய்தித்தாள், வெதுவெதுப்பாக ஒரு சால்வை, இதெல்லாம் அப்புறம்.

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வெயில் சாய்ந்த மறுநிமிடம் குளிர் கடித்தது. இறங்குவது கோத்தகிரி வழியாக, மூடுபனி, டிரைவர் அண்ணன் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினார், அதுவே சரி. யாரும் வாந்தி எடுக்கவில்லை, எடுக்க வயிற்றில் எதுவும் இல்லை என்றும் சொல்லலாம். மேட்டுப்பாளையத்தில் பசி தாங்காமல் மறுபடி டீயும் பன்னும் வாங்கினேன், 1,150. பள்ளி வாசலில் இறங்கும்போது இரவு 10.40. ஆறரைக்கு வந்துவிடுவோம் என்று நான் சொல்லியிருந்ததால் பெற்றோர்கள் நான்கு மணி நேரமாக நின்றிருந்தார்கள். மலையில் சிக்னல் இல்லாததால் பாதிப் பேருக்குத் தகவல் போகவில்லை. ஒரு அப்பா கத்தினார், நான் தலை குனிந்து நின்றேன், என்ன சொல்ல முடியும்? திரும்பி வரும் நேரத்தைச் சொல்லும்போது இரண்டு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள், ஊரில் இருக்கிற ஒருவரிடம் மட்டும் அவ்வப்போது தகவல் கொடுத்து அவர் மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பேருந்துக்காரர் கணக்கு அனுப்பினார். வண்டி கழுவ 1,500, நேரம் தாண்டியதற்கு 2,000. வண்டியை மாற்றியது அவர், பாதி தாமதம் அதனால்தான் என்று வாதாடிப் பார்த்தேன், ஒப்பந்தம் என்று எதுவும் எழுதி வாங்கவில்லை, அதனால் பேச்சு எடுபடவில்லை. தண்ணீர் பாட்டில், பாத்ரூம், நாப்கின், டீ பன் எல்லாம் சேர்த்து என் கைக்காசு 6,246 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்து நேரக் கணக்கும் போட்டேன். விடிகாலை 5.30லிருந்து இரவு 10.40 வரை 17 மணி நேரம் பத்து நிமிடம். பூங்காவுக்குள் மூன்றரை மணி நேரம். அதில் பாத்ரூம் 50 நிமிடம், சாப்பாடு 50, பையனைத் தேடியது 35. செடி கொடி பார்க்க மிஞ்சியது 75 நிமிடம். காசைவிட இந்தக் கணக்குத்தான் வலித்தது.

திங்கட்கிழமை வகுப்பில் "எது பிடிச்சது" என்று எழுதச் சொன்னேன். ஒன்பது பேர் செடிக்குப் போர்வை போட்டதை எழுதியிருந்தார்கள், நான்கு பேர் கல் மரம், ஒருத்தன் "வாந்தி எடுத்தது, ஏனென்றால் பஸ்ஸை நிறுத்தி அருவி பார்த்தோம்" என்று எழுதியிருந்தான். நான் அருவி எதையும் பார்க்கவில்லை.

இந்த ஆகஸ்டில் ஏழாம் வகுப்பை மட்டும், 17 பேரை, கோவை வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். வார நாள். மூன்று அம்மாக்களும் ஒரு தாத்தாவும் வருகிறார்கள். போன வாரம் நான் மட்டும் பஸ்ஸில் போய் கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, வண்டி எங்கே நிற்கும் என்று பார்த்துவிட்டு வந்தேன், ஐந்து மரத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டேன். பெயிண்ட் டப்பா நான்கு கழுவி ஆய்வுக்கூடத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறது. ஆயாம்மாவிடம் நீங்களும் வாங்க என்று சொன்னேன். சீமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னை நேராகப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அங்க வளைவு இருக்குதுங்களா டீச்சர்?"